முதலிலேயே போட்ட மாங்காய்

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

பூச்சி எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நீ கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பாதி வழியிலேயே பிரித்துவிட்டேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாளா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாளா? உன் கையில் எண்ணெய் தெறித்த இடம் ஆறிவிட்டதா?

விடுதிக்கு போன் செய்யாதே. போன் வார்டன் அறையில் இருக்கிறது. போன தடவை நாம் பேசி முடித்ததும், "அக்காவுக்குக் கையில என்னம்மா?" என்று அவர் கேட்டார். எனக்குக் கடிதம்தான் வசதி.

ஆய்வகத்தில் எல்லாம் நன்றாகப் போகிறது. முதல் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்து பிப்ரவரியிலேயே மேடத்திடம் கொடுத்துவிட்டேன். அவர்தான் என் வழிகாட்டி. அவர் படித்துப் பார்த்துக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால்தான் நான் இரண்டாவதைத் தொடங்க முடியும். அவருக்கு வேலை அதிகம். துறை அறையில் அவருடைய ஜன்னல் பக்கத்து மேசையில் என் காகிதக் கட்டு இருக்கிறது. அதன்மேல் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு இருக்கிறது.

அதில் என்ன எழுதியிருக்கிறாய் என்று வீட்டில் கேட்டாய். அதற்குள் சமையல் கூடத்திலிருந்து மாஸ்டர் உன்னைக் கூப்பிட்டுவிட்டார். இப்போது சொல்கிறேன், சிரிக்காதே. சின்ன வயதில் ஒருநாள் கொதிக்கிற பருப்பில் மாங்காய்த் துண்டுகளை அள்ளிப் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? என் மண்டையில் குட்டி, "புளிப்பப் போட்டா பருப்பு வேகுமாடி?" என்றாய். ஏன் வேகாது என்று கேட்டேன். "வேகாதுன்னா வேகாது" என்றாய். அதைத்தான் ஆராய்கிறேன். மாங்காயின் புளிப்பு பருப்பைக் கரையவிடாமல் எப்படி இறுக்கிப் பிடிக்கிறது என்பதை. முதல் பத்தியே அதுதான்.

ஒரு சின்னக் கேள்வி. பலாக்காய் நறுக்கினால் கையில் ஒட்டுகிற பால் எதில் போகும்? சோப்பில் போகவில்லை. விடுதியில் ஒருத்தி கேட்டாள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். நீ சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ.

உன்
பூச்சி

*

மார்ச் 22

பூச்சிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். தைலத்தைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். "அவளுக்கு என்னைவிட வலிக்குதாம்" என்கிறாள். என் கை ஆறிவிட்டது. தழும்பு பார்க்க ஒரு மீன் மாதிரி இருக்கிறது.

மாங்காய் வரத் தொடங்கிவிட்டது. சமையல் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் மாங்காய்க் கூடை, இன்னொரு பக்கம் பலாக்காய், நடுவில் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். விருந்து ஆர்டர்கள் தொடர்ந்து வருகின்றன. நேற்று மாங்காய்க் காம்பு கிள்ளியதில் புதிதாகச் சேர்ந்தவளின் கன்னத்தில் பால் தெறித்துக் கறுத்துப் போய்விட்டது. உடனே தண்ணீர் விட்டுக் கழுவியிருக்க வேண்டும். அவள் கண்ணாடியைத் தேடிக்கொண்டு ஓடினாள்.

உன் ஆராய்ச்சியை மாஸ்டரிடம் சொன்னேன். "வேகாதுன்னு சொல்றதுக்கு இத்தன வருஷம் படிக்கணுமா? என்னைக் கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே" என்றார். "ஏன் வேகாதுன்னு சொல்லுங்க மாஸ்டர்" என்றேன். அவருக்கு உடனே வேறு அடுப்பில் வேலை வந்துவிட்டது.

பலாக்காய் நறுக்குவதற்கு முன்பே கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். ஒட்டிய பிறகு சோப்பைப் போட்டால் இன்னும் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைக்கச் சொல். விடுதியில் யாருக்குப் பலாக்காய் நறுக்குகிற வேலை வந்தது? அறையில் அடுப்பே கூடாது என்றாயே?

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணாடி போட்டுக்கொண்டு படி.

அக்கா

*

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அம்மாவுக்கு வேறு தைலம் வாங்கி அனுப்புகிறேன். அதையும் தானம் பண்ணினால் அடுத்த தடவை வரும்போது நானே உட்கார்ந்து தேய்ப்பேன் என்று சொல்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. விடுதி மாடியில் தண்ணீர்த் தொட்டி சூடாகி, குழாயில் வெந்நீர் வருகிறது. அத்தியாயம் இன்னும் மேடத்தின் மேசையில்தான். விரைவில் பார்ப்பதாகச் சொன்னார்.

நீ எப்படியும் சிரிக்கத்தான் போகிறாய், கேட்டுவிடுகிறேன். பதினைந்து பேருக்குப் பருப்பில் போட மாங்காய் எத்தனை வேண்டும்? மாங்காய் ரொம்பப் புளித்தால் எதைப் போட்டுச் சரிக்கட்டுவது? முருங்கைக்காய் நார் நாராகப் பிரியாமல் இருக்க எந்த நேரத்தில் போட வேண்டும்? வெள்ளரிக்காய் கசந்தால் தூக்கிப் போடத்தான் வேண்டுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான். என் ஆராய்ச்சிக்கும் உதவும்.

உன் மீன் தழும்பைப் பார்க்க ஆசை.

பூச்சி

*

ஏப்ரல் 10

பூச்சிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. நீ சொல்லப்போவது உண்மையாக இருக்காது.

உன் கடிதங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பலாப்பால், பதினைந்து பேருக்கு மாங்காய், முருங்கைக்காய், கசந்த வெள்ளரிக்காய். ஆராய்ச்சி பண்ணுகிறவள் ஒரு மாங்காயைத் துருவிக் கண்ணாடிக் குழாயில் போடுவாள். பதினைந்து பேருக்கு எத்தனை என்று எதற்குக் கேட்கிறாள்? இவையெல்லாம் எங்கள் கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவள் கேட்கிற கேள்விகள். அவளாவது கன்னத்தைக் காட்டிக்கொண்டு கேட்கிறாள். நீ ஒளிந்துகொண்டு கேட்கிறாய்.

"சோப்பில் போகவில்லை" என்று எழுதினாய். யார் கையில் போகவில்லை? கேட்ட ஒருத்தி கையிலா, எழுதினவள் கையிலா?

எங்கே சமைக்கிறாய்? யாருக்கு? நேராகப் பதில் எழுது. அதுவரை பக்குவம் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நீயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு உடம்பு காரணம் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

மேடம் வீட்டில் சமைக்கிறேன். சனிக்கிழமைகளில் மட்டும்தான். எப்போதாவது ஞாயிறும்.

ஜனவரியில் துறையில் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட ஒரு தோப்புக்குப் போனோம். நான் பூசணிக்காய் நறுக்குவதைப் பார்த்து மேடம், "கத்தி புடிக்கிற அழகப் பாரேன்" என்றார். எங்க அக்கா சமையல் வேலையில் இருக்கிறாள் என்று நானாகச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. பெருமையாகச் சொன்னேன், அக்கா. அடுத்த வாரம் அவர், "சனிக்கிழமை சும்மாத்தானே இருப்ப, வீட்டுக்கு வந்துட்டுப் போயேன்" என்றார். சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். நல்ல உடை போட்டுக்கொண்டு போனேன். சமையலறை மேடையில் காய்கறி எல்லாம் எடுத்து வைத்திருந்தது.

நான் மட்டும் இல்லை. சீனியர் அண்ணன் ஒருவர் மேடத்தின் காரை சர்வீஸுக்கு விட்டு எடுத்து வருகிறார். இன்னொருத்தி அவர் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். யாரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. திங்கட்கிழமை ஆய்வகத்தில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறோம்.

மேடம் கெட்டவர் இல்லை. "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். எல்லோரும் முடித்த பிறகு அங்கேயே மேடையோரம் நின்று சாப்பிடுவேன். கையெழுத்து ஆகிவிட்டால் பிறகு மெல்ல நழுவிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். என்னால் எதிர்த்துப் பேச முடியாது, உனக்குத் தெரியும். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக்கூட எனக்கு வாய் வராது.

அம்மாவிடம் சொல்லாதே.

மே மாதம் நடுவில் வெளியூரிலிருந்து பேராசிரியர்கள் வருகிறார்கள். மேடம் வீட்டில் மதியச் சாப்பாடு. மாங்காய் போட்ட பருப்புதான் முக்கியமாக இருக்க வேண்டுமாம். அன்றைக்கு மட்டும் சரியாக வந்துவிட்டால் போதும், அத்தியாயத்தைப் பார்த்துவிடுவார். இருபது பேர். இவ்வளவு பேருக்கு நான் தனியாகச் செய்ததில்லை. எப்படிச் செய்வது என்று எழுதேன், அக்கா. அதன் பிறகு கேட்கமாட்டேன்.

பூச்சி

*

மே 7

பூச்சிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம்.

இருபது பேருக்குக் குக்கர் சரிப்படாது. அகலமான பாத்திரத்தில் வை. பருப்பைக் கழுவி ஊறவைத்துக்கொள். மாங்காயைத் தோலோடு பெரிய துண்டுகளாக நறுக்கி, பருப்போடு முதலிலேயே போட்டுவிடு. இரண்டும் சேர்ந்து வேகட்டும். உப்பும் அப்போதே. மிதமான தீ. அடிக்கடி கிளறு. மற்றதெல்லாம் உனக்குத் தெரியும்.

வந்தவர்கள் பார்க்கும்படி செய். உன் மேடத்தைப் பக்கத்தில் நிற்கச் சொல்.

அக்கா

*

மே 20

அக்கா,

நலம் விசாரித்து எழுத மனம் இல்லை. அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

உன் கடிதத்தைப் படித்ததும் தபால்காரர் நகர்வதற்கு முன்பே புரிந்துவிட்டது. மாங்காயை முதலிலேயே போடு என்று நீ எழுதுவாயா? தூக்கத்தில் கேட்டால்கூடத் தப்பாகச் சொல்லமாட்டாய். என்னைத் தோற்கவைக்கத்தான் எழுதினாய். ஒருநாள் சமையல் கெட்டுப் போனால் இனி இவளைக் கூப்பிடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? சரியாகச் சமைத்து உன் மூஞ்சியில் அடித்த மாதிரி பதில் எழுதலாம் என்றுதான் போனேன். பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாங்காயை நறுக்கித் தட்டில் வைத்திருந்தேன். மேடம் பக்கத்தில் வந்து நின்றார், நீ எழுதினபடியே. அப்போது எனக்கு என்னவோ தோன்றியது. ஒரு துண்டை எடுத்துப் பருப்பில் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு துண்டு போட்டேன். அவர் கண்ணுக்கு நேராக, ஒவ்வொன்றாக, மெதுவாகப் போட்டேன்.

"சீக்கிரம் போட்டு முடிம்மா, வந்துடுவாங்க" என்றார்.

அவ்வளவுதான்.

பருப்பு வேகவில்லை. பேராசிரியர்கள் வந்து, பேசி, சிரித்து, பேச விஷயம் தீர்ந்துபோய்ச் சுவரில் இருந்த படங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பருப்பு மணல் மாதிரியே கிடந்தது. மேடம் கரண்டியில் எடுத்து நசுக்கிப் பார்த்து, "என்ன பருப்பு இது? கடைக்காரன் பழசைக் கொடுத்துட்டான் போல" என்றார். பழைய பருப்பாம். பிப்ரவரியிலிருந்து அவர் மேசையில் இருக்கிற அத்தியாயத்தின் முதல் பத்தி அந்தப் பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது, அக்கா. அவருக்குக் கடைக்காரன்தான் நினைவுக்கு வந்தான்.

நான்தான் பரிமாறினேன். வந்திருந்த ஒரு பேராசிரியை வாயில் வைத்ததும், "புளிப்பையும் சேர்த்தே வேகவெச்சிருக்காங்க போல" என்று மெதுவாகச் சொன்னார். மேடம் சிரித்துக்கொண்டே, "வேலைக்கு வர்ற பொண்ணு, புதுசு. இன்னும் பழகல" என்றார். நான் கரண்டியோடு அங்கேயே நின்றேன். அவர்களில் இரண்டு பேர் அடுத்த வருடம் என் ஆய்வேட்டைத் திருத்தப்போகிறவர்கள்.

இதோடு முடியவில்லை. எல்லோரும் போன பிறகு மேடம் என்னைத் திட்டவில்லை. "நீ என்ன பண்ணுவ, சின்னப் பொண்ணு. உங்க அக்கா கைதேர்ந்தவங்கன்னு சொன்னியே. ஜூன்ல பையன் மேல்படிப்புக்கு வெளிநாடு போறான், பெரிய விருந்து. அவங்கள வந்து ரெண்டு நாள் இருந்து செஞ்சு குடுக்கச் சொல்லு. பஸ் டிக்கெட் நான் எடுத்துத் தரேன்" என்றார்.

நீ போட்ட கணக்கு எங்கே போய் நின்றது, பார்த்தாயா?

நான் என்ன சொன்னேன் என்று கேட்பாய். தலையாட்டினேன். உன்னைக் கேட்காமல், உனக்காக, சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதிலிருந்து கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பூச்சி

*

மே 26

பூச்சி,

நான் சௌக்கியமாக இல்லை. உன் கடிதம் வந்த அன்றைக்கு ஒரு அண்டா நிறையப் பால் பொங்கி வழிந்தது. பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மாஸ்டர் கத்தினார். திருப்பிக் கத்தினேன்.

வேண்டுமென்றுதான் எழுதினேன். நீ தோற்க வேண்டும் என்று இல்லை. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து யாருக்கும் தப்பான பக்குவம் சொன்னதில்லை, என்னைக் கண்டாலே ஆகாதவளுக்குக்கூட. அந்த ஒரு வரியை எழுதப் பேனா நகரவில்லை. ஏன் எழுதினேன் தெரியுமா? நீ மாங்காயைப் போடும்போது அந்த அம்மாள் உன் கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். "ஏய், நீ எழுதினதே இதுதானே, நீயே இப்படிப் பண்ணலாமா" என்று கேட்பாள். அப்படிக் கேட்ட நிமிஷம் நீ யார் என்று அவளுக்கு உறைக்கும். நறுக்கவும் கிளறவும் வந்தவள் இல்லை, நம்மிடம் படிக்க வந்தவள் என்று உறைக்கும். அதற்குத்தான் பக்கத்தில் நிற்கச் சொன்னேன்.

அவள் படிக்கவே இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? வாத்தியார்கள் படிப்பார்கள் என்றுதானே நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீயும் அதையேதான் நினைத்திருக்கிறாய். இல்லாவிட்டால் ஏன் ஒவ்வொரு துண்டாகப் போட்டாய்?

இப்போது நான் கேட்கிறேன். அப்பா போனபோது, ரெண்டு பேர்ல ஒருத்திதான் படிக்க முடியும் என்று அம்மா சொன்னாள். நான் உன்னைக் கை காட்டிவிட்டு ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை மூடினேன். அதற்கு நீ எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், நன்றியும் வேண்டாம். ஆனால் இரண்டு பேருமே அடுப்புக்குத்தான் போவதென்றால் நான் எதற்குப் போனேன்?

என் வேலை மட்டம் என்று நான் சொல்வதாக நினைக்காதே. எனக்குக் கூலி உண்டு. மாஸ்டர் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். சாயங்காலம் சமையலுக்குப் போடுகிற மேல்துணியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டால் நான் யாருக்கும் ஆள் இல்லை. நின்றுகொண்டு சாப்பிட்டால் அது அவசரத்துக்கு, எனக்கு நாற்காலி இல்லை என்பதால் இல்லை. நீ செய்வது வேலைகூடக் கிடையாது. அதற்குப் பெயரே இல்லை. பெயர் இல்லாததால்தான் நீங்கள் எல்லோரும் திங்கட்கிழமை தலையைக் குனிந்துகொள்கிறீர்கள்.

நான் வருகிறேன் என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிடு. டிக்கெட் என் காசில் எடுத்துக்கொள்கிறேன். கரண்டியோடு வரமாட்டேன். அவள் வீட்டு வாசலில் நின்று, வந்திருக்கிறவர்கள் எல்லோரும் கேட்க, "என் தங்கச்சி எழுதினதப் படிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவேன்.

அக்கா

*

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வர வேண்டாம். நானே கேட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தேன். நீ வந்து வாசலில் நிற்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நீ பேச நான் உன் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். அதையும் நினைத்துப் பார்த்தேன். அது பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை துறை அறையில் மேடம் என்னைக் கூப்பிட்டு, "உங்க அக்கா என்னிக்கு வர்றாங்க? சாமான் வாங்கணும்" என்றார். சீனியர் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள்.

"வரமாட்டாங்க மேடம்" என்றேன்.

"ஏன், உடம்பு சரியில்லையா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என் வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "நல்லாத்தான் இருக்காங்க. நான்தான் அவங்களைக் கேக்காம தலையாட்டிட்டேன், அது தப்பு. அவங்க வரமாட்டாங்க. இனிமே சனிக்கிழமை நானும் வரமாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் உன்னை வேலைக்காரியாவா நடத்தினேன்? வீட்டுப் பொண்ணா நெனச்சுத்தானே கூப்பிட்டேன்."

"வந்தவங்ககிட்ட வேலைக்கு வர்ற பொண்ணுன்னு சொன்னீங்க மேடம்."

சீனியர் அண்ணன் கையிலிருந்த தாளைப் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். தாள் தலைகீழாக இருந்தது.

"பேச்செல்லாம் பெருசா இருக்கு. அத்தியாயத்துக்குக் கையெழுத்து வேணுமா, வேணாமா?" என்றார்.

"அதைப் படிச்சீங்களா மேடம்?"

"பார்த்தேன், மேலோட்டமா."

"முதல் பத்தியில என்ன இருக்கு மேடம்?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அறையில் எல்லோருக்கும் கேட்டது. மேடம் கண்ணாடிக் கூட்டை எடுத்துவிட்டுக் காகிதக் கட்டை என் பக்கம் தள்ளினார். "வேற ஆளைப் பாத்துக்கோ."

எடுத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தேன். ஜன்னல் வெயிலில் முதல் பக்கம் மஞ்சளாகிவிட்டது. கண்ணாடிக் கூடு இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. கூட்டின் வடிவம் அப்படியே தெரிகிறது. ஒரு தடவைகூட யாரும் அதைப் புரட்டவில்லை, அக்கா. நான் அவர் வீட்டில் பலாக்காய் நறுக்கிக்கொண்டு, முருங்கைக்காய்க் கட்டு அவிழ்த்துக்கொண்டு, இந்த வாரம் படித்துவிடுவார், அடுத்த வாரம் படித்துவிடுவார் என்று காத்திருந்தேன்.

விடுதிக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகை வரவில்லை. வெந்நீர்தான் வந்தது.

துறைத் தலைவரிடம் மனுக் கொடுத்திருக்கிறேன். வேறு வழிகாட்டி கிடைக்குமா, தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. கோபம் போகவும் இல்லை. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

அம்மாவிடம் இப்போது சொல்லலாம்.

பூச்சி

*

ஜூன் 14

பூச்சிக்கு,

அம்மாவிடம் சொன்னேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "அந்தப் பொம்பள வீடு எங்க இருக்கு?" என்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் புரட்டாத அந்தக் கட்டை எனக்கு அனுப்பு. இங்கிலீஷில் இருந்தால் எனக்கு வராது. தமிழில் எழுதி அனுப்பு. சுருக்கி எழுதாதே. எனக்குப் புரியாது என்று நீயாக எதையும் விட்டுவிடாதே.

அக்கா

*

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா எழுந்து நின்றதைப் பல தடவை படித்துவிட்டேன்.

துறைத் தலைவர், விடுமுறை முடிந்துதான் வேறு வழிகாட்டி பற்றிப் பேச முடியும் என்கிறார். அநேகமாக ஒரு வருடம் தள்ளிப்போகும். இரண்டு பேர் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மேடத்தைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை. சீனியர் அண்ணன் போன வாரம் காரை எடுக்கப் போகவில்லை. என்னிடம் அவர் சொல்லவில்லை. கார் தூசியோடு நிற்கிறது, நானாகத் தெரிந்துகொண்டேன்.

அத்தியாயத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முழுவதும். கையால் எழுதியதால் கடைசிப் பக்கங்களில் எழுத்து சரிந்திருக்கும். முடிவில் வழிகாட்டி கையெழுத்துக்கு ஒரு கோடு உண்டு. பழக்கத்தில் அதையும் போட்டுவிட்டேன். கண்டுகொள்ளாதே.

பூச்சி

*

ஜூலை 21

பூச்சிக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். அம்மா இரண்டாவது தைலத்தைத் தானே தேய்த்துக்கொள்கிறாள். மாங்காய்ப் பருவம் முடிந்துவிட்டது. கூடம் காலியாகப் பெரிதாகத் தெரிகிறது. அதனால்தான் படிக்க நேரம் கிடைத்தது.

தினமும் வேலை முடிந்ததும் கூடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் ஆனது. சில பக்கங்களுக்கு இரண்டு. நடுவில் கட்டம் கட்டமாக எண்கள் வருகிற இடம் எனக்கு விளங்கவே இல்லை. விளங்காத வரிகளின் ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். வரும்போது சொல்லிக்கொடு. மாஸ்டர் எட்டிப் பார்த்து, "என்ன, கதையா?" என்றார். "ஏன் வேகலன்னு எழுதியிருக்கு, உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். மூன்று பக்கம் வாசித்துக் காட்டினேன். எழுந்து போகும்போது, "கோபக்காரப் பொண்ணு போல" என்றார். நீ அதில் கோபமாக ஒன்றும் எழுதவில்லையே என்று மறுபடியும் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

கட்டைத் திருப்பி அனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக் காலியாக விட்டிருந்தாய். கண்டுகொள்ளாதே என்றாய். என்னால் முடியவில்லை. அதில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது எங்கேயும் செல்லாது என்று எனக்குத் தெரியும். ஆனால் முழுவதும் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

இரண்டாவதை எழுத ஆரம்பி.

அக்கா